பட்டைச் சர்க்கரை டோஸ்ட்டும் அதன் இனத்துப் பண்டங்களும்

முந்தின நாள் வாங்கிய ரொட்டியில் நாலைந்து துண்டுகள் மிஞ்சியிருக்க, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வரும் மாலை வேளையில், வெண்ணெயும் சர்க்கரையும் சிறிது இலவங்கப்பட்டையும் கைவசம் இருந்துவிட்டால், பத்து நிமிஷத்திற்குள் வீடு முழுவதும் மணக்கும் ஒரு சிற்றுண்டியைச் செய்து தட்டில் வைத்துவிடலாம். மாவு பிசைய வேண்டாம். இரவே ஊறப்போட வேண்டாம். கம்பிப் பாகா, தக்காளிப் பாகா என்று பதம் பார்த்துத் தவிக்க வேண்டாம். ஆயினும் இத்தனை எளிய பண்டத்தையே பலர் கருக்கியும், சொதசொதவென்று ஆக்கியும், பட்டையின் காரம் மட்டும் தொண்டையில் நிற்கும்படி செய்தும், மனம் சலித்துக் கைவிட்டுவிடுகிறார்கள். இதில் கைத்திறனைக் காட்டிலும் கிரமமே பிரதானம் என்பதைக் கவனியாததுதான் காரணம். ரொட்டி முதலில் ஈரம் வற்றிக் காய வேண்டும். அதன்மேல் வெண்ணெய் விளிம்புவரை பரவ வேண்டும். வெண்ணெயோடு சேர்ந்தோ, அதற்குப் பிறகோதான் சர்க்கரை. கடைசியில் மிதமான சூடு. இந்த நான்கும் இடம் மாறாதவரையில் புதிதாக அடுப்பங்கரைக்குள் நுழைந்தவர்கூட இதைக் குறைவின்றிச் செய்யலாம்.

இது நேற்று முளைத்த நாகரிகம் அன்று. இங்கிலாந்தில் ராபர்ட் மே என்ற சமையற்கலைஞர் 1660-ஆம் வருஷம் வெளியிட்ட பெரிய பாகசாஸ்திர நூலில், ரொட்டியை மெல்லியதாக அரிந்து, இரும்புக் கம்பித் தட்டில் வாட்டி, நன்றாக இடித்த பட்டையையும் சர்க்கரையையும் சிவப்புத் திராட்சை மதுவோடு சேர்த்து மேலே இட்டு, அனலில் காட்டிச் சூடாகப் பரிமாறும்படி சொல்லியிருக்கிறார். மதுவின் ஸ்தானத்தை இன்று வெண்ணெய் வகிக்கிறது என்பதைத் தவிர, முந்நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக இந்தப் பண்டம் அதிகம் மாறவில்லை.

பட்டையைப் பார்த்து வாங்குதல்

கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது சீனத்திலிருந்தோ, இந்தோனேஷியாவிலிருந்தோ, வியத்நாமிலிருந்தோ வரும் காசியா இனத்துத் தடித்த பட்டை. குருமாவுக்கும் பிரியாணிக்கும் இது பொருத்தமானதே. ஆனால் சர்க்கரையோடு சேர்த்து அப்படியே உண்ணும் பண்டத்திற்கு இலங்கைப் பட்டையே உத்தமம். இலங்கைத் தமிழர்கள் கறுவா என்று வழங்கும் சரக்கு அதுதான். அத்தீவின் மேற்கு, தெற்குக் கரையோரங்களில், இளங்கிளைகளின் மேல்தோலைச் சுரண்டி நீக்கி, உள்பட்டையை மெல்லிய தகடாக உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நிழலில் உலர்த்துகிறார்கள். அதனாலேயே அதன் குறுக்குவெட்டில் காகிதம் போன்ற பல அடுக்குகள் தெரிகின்றன.

இரண்டையும் பிரித்தறிவதற்குக் கண்ணும் விரலும் போதும். ஒரே தடித்த ஏடாக, இரு ஓரங்களும் உள்நோக்கிச் சுருண்டு, செம்பழுப்பு நிறத்தில், விரலால் ஒடிக்க முடியாமல் இருந்தால் அது காசியா. பல மெல்லிய ஏடுகள் சேர்ந்து, வெளிர்பழுப்பாக, லேசாக அழுத்தினாலே நொறுங்கினால் அது இலங்கைச் சரக்கு. நாட்டு மருந்துக் கடையிலோ பெரிய மளிகைக் கடையிலோ ‘சுருள் பட்டை’ அல்லது ‘சிலோன் பட்டை’ என்று கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் பத்துக் கிராமில் எட்டுப் பத்து டோஸ்ட் செய்யலாம் என்பதால் பெருஞ்செலவு அன்று.

இந்தத் தேர்வு ருசியோடு நின்றுவிடுவதில்லை. காசியாவில் கூமரின் என்னும் இயற்கைப் பொருள் கணிசமாக உண்டு. அது அளவு மீறித் தினந்தோறும் உட்சென்றால் சிலருக்கு ஈரலைத் தாக்கும். இலங்கைப் பட்டையில் அது அற்ப அளவே. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த எல்லை. அதைப் பட்டைக் கணக்காக்கி, 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு நாளைக்கு 2 கிராம் காசியாவும், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரைக் கிராமும் மேல்வரம்பு என்று ஜெர்மனியின் அரசாங்க ஆய்வு நிறுவனம் சொல்லியிருக்கிறது. தேக்கரண்டியில் தலைதட்டி அளந்த தூள் ஏறத்தாழ இரண்டரைக் கிராம் இருக்கும் என்பதை நினைவில் கொண்டால், சிறு குழந்தைக்குத் தினமும் காசியாத் தூளைத் தாராளமாகத் தூவலாகாது என்பது விளங்கும். என்றோ ஒரு நாள் சற்றுக் கூடிவிட்டால் கலவரப்பட வேண்டியதில்லை. ஈரல் நோய் உடையவர்கள் மாத்திரம் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நலம்.

தூளாக விற்பதை வாங்காமல் பட்டையாகவே வாங்குங்கள் என்பது என் உறுதியான யோசனை. தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் காண வழியில்லை. 2023-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் பட்டைத்தூள் சேர்த்து விற்ற ஆப்பிள் கூழில் ஈயம் இருந்து, அதை உண்ட பல குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு உயர்ந்த சம்பவம் அடுப்பங்கரையில் இருக்கும் எவருக்கும் ஓர் எச்சரிக்கை. மேலும், பட்டையின் வாசனைக்குக் காரணமான எண்ணெய், தூளானதும் சில மாதங்களில் பறந்துவிடும்; பட்டையாக, காற்றுப் புகாத புட்டியில் வைத்தால் வருஷக் கணக்கில் நிற்கும்.

பட்டைச் சர்க்கரை

இதைச் சரியாகச் செய்து ஒரு புட்டியில் வைத்துக்கொண்டால் இந்த அத்தியாயத்தில் பாதி வேலை முடிந்ததாகவே கொள்ளலாம்.

1. பத்துக் கிராம் பட்டையை அரை மணி நேரம் வெயிலில் காயவிடுங்கள். வெயில் இல்லையேல், வாணலியைச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே ஒரு நிமிஷம் புரட்டினால் போதும். சிவக்க வறுக்கலாகாது, வறுத்தால் வாசனை முழுவதும் வாணலியோடு போய்விடும்.
2. ஆறியதும் கையால் நொறுக்குங்கள். காசியாவாக இருந்தால் முதலில் இடிகல்லில் தட்டித் துண்டாக்கிக்கொள்ளுங்கள். முழுதாக மிக்ஸியில் போட்டால் பிளேடு மழுங்கும்.
3. மிக்ஸியின் சிறிய ஜாரில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறி மணம் குறையும்.
4. வைத்தியர்கள் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வதுபோல மெல்லிய துணியிலோ, நெருக்கமான சல்லடையிலோ சலியுங்கள். இந்தப் படியைத் தாண்டவே கூடாது. பட்டையின் நார் எத்தனை நேரம் சூடுபட்டாலும் கரையாது. சலிக்காத தூள் பல்லில் மணல்போல் நெறுநெறுக்கும். சல்லடையில் நின்ற கப்பியைத் தேநீரில் போட்டுக்கொள்ளலாம்.
5. நம் கடைகளில் கிடைக்கும் சர்க்கரை பருமணியானது. அதை இரண்டு முறை மட்டும் மிக்ஸியில் சுற்றி, ரவைப் பருவத்திற்குக் கொண்டுவாருங்கள். மாவாக்கிவிட்டால் ரொட்டியின் ஈரத்தில் உடனே கரைந்து மொறுமொறுப்பு கெடும்.
6. பன்னிரண்டு தேக்கரண்டி சர்க்கரைக்கு மூன்று தேக்கரண்டி பட்டைத்தூளும், இரண்டு விரல் நுனியில் எடுத்த உப்பும் சேர்த்து, உலர்ந்த புட்டியில் போட்டுக் குலுக்குங்கள். சிறு குழந்தைகளுக்கென்றால் பட்டைத்தூளை இரண்டு தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பங்குக்கு ஒரு பங்கு என்பது பெரியவர்களின் நாக்குக்கு இசைந்த விகிதம். அதற்கு மேல் பட்டையைக் கூட்டினால் இனிப்பு அமுங்கிக் காரமும் துவர்ப்பும் தலையெடுக்கும். வாசனை மட்டும் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. நாட்டுச் சர்க்கரை விரும்புவோர் அதையும் பயன்படுத்தலாம். அதில் ஈரம் உண்டு, சீக்கிரம் கட்டி தட்டும், சீக்கிரம் கருகவும் செய்யும். ஆகையால் வேண்டும்போது வேண்டிய அளவே கலந்துகொள்ளுங்கள்.

*குறிப்பு:* புட்டியை எடுத்துப்போய் ஆவி பறக்கும் பாத்திரத்தின்மேல் கவிழ்த்துத் தூவாதீர்கள். ஆவி உள்ளே ஏறி மறுநாள் கல்லாகிவிடும். உலர்ந்த கரண்டியால் எடுத்துத் தூவுங்கள்.

*எச்சரிக்கை:* குழந்தைகள் விளையாட்டாக உலர்ந்த பட்டைத்தூளை வாயில் போட்டுக்கொள்ள இடம் கொடுக்கலாகாது. இருமலோடு அது மூச்சுக்குழலுக்குள் சென்றால் கரையாமல் தங்கி நுரையீரலை ரணமாக்கும்.

ரொட்டியும் வெண்ணெயும்

அன்றே சுட்ட ரொட்டி இதற்கு ஆகாது. உள்ளே ஈரம் மிகுந்திருப்பதால் அது வாட்டினாலும் துவளும். கத்தி பட்டால் நசுங்கும். ஒரு நாள் கழிந்த ரொட்டியே தகுந்தது. பேக்கரியில் வெட்டாத முழு ரொட்டி கிடைத்தால் வாங்கி, ரம்பப் பல் வைத்த கத்தியால், அழுத்தாமல் அறுப்பதுபோல் இழுத்து, இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் துண்டு போடுங்கள். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் ஒருங்கே கிடைப்பது அந்தக் கனத்தில்தான். ஓரத்தை வெட்டி எறிய வேண்டாம். சர்க்கரை பிடித்த ஓரத்தை முதலில் கடிக்கும் குழந்தைகள் எத்தனையோ பேர்.

பழைய ரொட்டி என்றால் பூசணம் பிடித்த ரொட்டி என்று பொருளன்று. ஓரிடத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தாலும், அந்தப் பாகத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மற்றதை உபயோகிக்கலாகாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் மிருதுவான ரொட்டிக்குள் வெகுதூரம் ஓடியிருக்கும். முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

வெண்ணெய் விரல் பட்டால் பள்ளம் விழும் பதத்தில் இருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து அப்போதே எடுத்த கட்டி வெண்ணெய் ரொட்டியைக் கிழித்துவிடும். உருக்கி ஊற்றினாலோ ஓரிடத்தில் குளமாகத் தேங்கி உள்ளே இறங்கிவிடும். கடையில் விற்கும் மஞ்சள் வெண்ணெயில் பெரும்பாலும் உப்பு இருக்கிறது. அது இங்கே நன்மையே. வீட்டில் கடைந்த வெண்ணெயானால் மோர்நீர் சிறிதுமின்றிப் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள். நெய்யால் செய்தால் மொறுமொறுப்பு அதிகம் என்பது மெய். வெண்ணெயின் பால் மணம் அதில் வாராது. எனக்கு வெண்ணெயே மேலாகப் படுகிறது.

டோஸ்ட் செய்யும் முறை

நான்கு துண்டுக்கு ஆறு தேக்கரண்டி வெண்ணெயும் ஆறு தேக்கரண்டி பட்டைச் சர்க்கரையும் கணக்கு. இரண்டையும் ஒரு கிண்ணத்தில் முன்கூட்டியே குழைத்துக்கொள்வது, வெண்ணெய் தடவியபின் சர்க்கரையைத் தூவுவதைக் காட்டிலும் சிலாக்கியமானது. பட்டையின் வாசனை எண்ணெயில் கரையும் இயல்புடையதாகையால், கொழுப்போடு கலந்து கால் மணி நேரம் இருந்தாலே அது விரிந்து மணக்கத் தொடங்கும்.

*கல்லில் செய்தல்*

1. கல்லை மிதமாகக் காயவைத்து, எண்ணெய் எதுவும் இல்லாமல் ரொட்டியின் ஒரு பக்கத்தைப் பொன்னிறமாக வாட்டுங்கள். மறுபக்கத்தை ஈரம் போகும் அளவுக்கு மட்டும் லேசாகக் காட்டுங்கள்.
2. எடுத்த துண்டுகளைத் தட்டில் படுக்கப்போடாமல், ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துங்கள். படுக்கப்போட்டால் தன் ஆவியிலேயே அடிப்பக்கம் நனைந்துபோகும்.
3. லேசாக வாட்டிய பக்கத்தில், குழைத்த வெண்ணெயை விளிம்புவரை தடவுங்கள். மூலைகளை மறக்க வேண்டாம். வெண்ணெய் படாத மூலைதான் முதலில் கருகும்.
4. அடுப்பை மிகவும் தணித்து, தடவிய பக்கம் கல்லில் படும்படி வையுங்கள். அரை நிமிஷத்தில் ஓரங்களில் சிறு குமிழிகள் கிளம்பும். சர்க்கரை இளகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.
5. தோசைத் திருப்பியை அடியில் முழுதாகச் செலுத்தி ஒரே வீச்சில் எடுத்து, சர்க்கரைப் பக்கம் மேலாக இருக்கும்படி வையுங்கள்.
6. இரண்டு நிமிஷம் பொறுத்திருங்கள். இளகிய சர்க்கரை அதற்குள் இறுகி, கடித்தால் சடக்கென்று உடையும் மெல்லிய ஓடாகும். அதற்கு முன் கடித்தால் உதடு வெந்துபோகும்.

அன்றாடம் தோசை வார்க்கும் கல்லை இதற்கு எடுக்காதீர்கள். இளகிய சர்க்கரை ஒட்டி, அதைத் தேய்த்துக் கழுவும்போது கல்லில் பழகிய எண்ணெய்ப் பிசுக்கும் போய்விடுவதால், மறுநாள் முதல் தோசை கிழிந்துதான் வரும். சப்பாத்திக் கல்லோ, ஒட்டாத தவாவோ உபயோகிக்கலாம். சர்க்கரை பிடித்துவிட்டால் சுரண்ட வேண்டாம்; சிறிது தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானே கரைந்து வந்துவிடும்.

*மின்சார அடுப்பில் செய்தல்*

மேல்கம்பி மட்டும் சிவக்கும்படி வைத்து, ஒரு பக்கத்தை வாட்டி, திருப்பி, வாட்டாத பக்கத்தில் குழைவைத் தடவி, கம்பியிலிருந்து ஒரு சாண் தாழ்வில் வைத்தால், இரண்டு மூன்று நிமிஷத்தில் மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராகக் குமிழியிட்டு மினுங்கும். மூன்று முறையிலும் இதுவே சிறந்தது. ஆனால் கதவருகிலிருந்து நகரவே கூடாது. பொன்னிறத்திற்கும் கரிக்கும் இடையே இருப்பது அரை நிமிஷமே. அந்த அரை நிமிஷத்தில்தான் வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் முதலில் தட்டை வெளியே எடுத்துவிட்டுப் போங்கள்.

*ரொட்டி துள்ளி எழும் டோஸ்டரில் செய்தல்*

இந்தக் கருவிக்குள் வெண்ணெயோ சர்க்கரையோ தடவிய ரொட்டியை ஒருகாலும் செருகலாகாது. உருகிய வெண்ணெய் பழுத்த கம்பியில் விழுந்தால் தீப்பிடிக்கும். வெறும் ரொட்டியை வாட்டி எடுத்து, சூடு தணிவதற்குள் வெண்ணெய் தடவி, மேலே பட்டைச் சர்க்கரையைத் தூவுங்கள். ஓடு பிடிக்காது, மணலாகவே நிற்கும். அவசரத்திற்கு அதுவும் ருசிதான். துண்டு உள்ளே சிக்கிக்கொண்டால் மின்சார இணைப்பைப் பிடுங்கிய பிறகே எடுக்க வேண்டும். கத்தியையோ கரண்டிக் காம்பையோ உள்ளே விடுவது உயிருக்கு ஆபத்து.

வழக்கமாக நேரும் பிழைகள்

மேலே கசக்கிறதென்றால் சூடு அதிகம். சர்க்கரை கருகுவதற்குச் சற்று முன்பே பட்டைத்தூள் கருகத் தொடங்கிவிடுகிறது. அடுத்த துண்டுக்கு அடுப்பைத் தணித்துப் பாருங்கள். நடுப்பாகம் சொதசொதத்தால், வெண்ணெய் தடவுவதற்கு முன் ரொட்டி போதிய அளவு காயவில்லை. சர்க்கரை மணலாக உதிர்ந்தால் வெண்ணெய் குறைவு, அல்லது சர்க்கரைப் பக்கத்தில் சூடே படவில்லை. தூள் ஓரிடத்தில் கொழகொழவென்று பசைபோல் திரண்டால், அது ஈரத்தோடு சேர்ந்த பட்டையின் சுபாவம். தண்ணீரோ பாலோ படுவதற்கு முன்பே அதைச் சர்க்கரையோடு நன்றாகக் கலந்துவிட்டால் திரளாது.

குழந்தைக்குக் காசியாத் தூளில் செய்ய நேர்ந்தால், பட்டைத்தூளைக் குறைத்த கலவையில் ஒரே ஒரு தேக்கரண்டி பரப்பிய ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குச் சர்க்கரைப் பண்டமே வேண்டாம்.

ஸ்பானியரின் டோர்ரிஹாஸ்

காய்ந்த ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்துப் பட்டைச் சர்க்கரையில் புரட்டும் இந்தப் பண்டத்தை ஸ்பெயின் தேசத்தார் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்திலும் புனித வாரத்திலும் வீட்டுக்கு வீடு செய்கிறார்கள். அண்டையிலுள்ள போர்ச்சுகீசியரோ ஏறக்குறைய இதையே கிறிஸ்துமஸுக்குச் செய்கிறார்கள். மாமிசம் விலக்கிய நாட்களில் வயிற்றுக்கு ஆதாரமாக இருப்பது, விருந்தினருக்கும் வைக்கலாம், ஆறினாலும் ருசி குன்றாது. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய அவகாசம் உண்டு என்று யாரேனும் சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

வேண்டியவை: இரண்டரைச் சென்டிமீட்டர் கனத்தில் அரிந்த ஆறு துண்டு ரொட்டி, அரை லிட்டர் பால், மூன்று மேஜைக்கரண்டி சர்க்கரை, ஒரு விரல் நீளச் சுருள் பட்டை, ஒரு எலுமிச்சம்பழத்தின் தோல், இரண்டு முட்டை, பொரிக்க எண்ணெய், புரட்டுவதற்குப் பட்டைச் சர்க்கரை.

1. எலுமிச்சையின் மேல்தோலை மட்டும் கத்தியால் மெல்லச் சீவுங்கள். அடியிலுள்ள வெள்ளைப் பாகம் வந்தால் பால் முழுவதும் கசந்துவிடும்.
2. பால், சர்க்கரை, பட்டை, தோல் நான்கையும் சேர்த்துச் சிறு தீயில் பத்து நிமிஷம் காய்ச்சி, மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். பிறகு வடிகட்டுங்கள்.
3. அகலத் தட்டில் ரொட்டியைப் பரப்பிப் பாலை ஊற்றி, திருப்பிப்போட்டு ஊறவிடுங்கள். நடுவில் விரலால் தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். தூக்கினால் முறியக் கூடாது. ரொட்டி எவ்வளவு காய்ந்ததோ அவ்வளவு பாலை அது தாங்கும். புது ரொட்டி கூழாகிவிடும்.
4. கம்பித் தட்டில் சில நிமிஷம் வடியவிடுங்கள். பால் சொட்டச் சொட்ட எண்ணெயில் இட்டால் முகத்தில் தெறிக்கும்.
5. அடித்த முட்டையில் இரு பக்கமும் தோய்த்து, அரை விரற்கடை ஆழமுள்ள எண்ணெயில், மிதமான தீயில், இரண்டிரண்டாக இடுங்கள். ஸ்பானியர் ஆலிவ் எண்ணெயில் செய்வார்கள். கடலை எண்ணெயும் நன்றாகவே இருக்கிறது.
6. இரு பக்கமும் சிவந்து, முட்டை முழுவதும் வெந்தபின் எடுத்து எண்ணெயை வடித்து, சூடாக இருக்கும்போதே பட்டைச் சர்க்கரையில் புரட்டுங்கள். ஆறினால் சர்க்கரை பிடிக்காது.

முட்டை உண்ணாதவர்கள் மூன்று மேஜைக்கரண்டி சோளமாவைச் சிறிது பாலில் தோசை மாவினும் சற்று நீர்த்த பதத்தில் கரைத்து, அதில் தோய்க்கலாம். நிறம் வெளிறியிருக்கும்; மற்றபடி குறை சொல்வதற்கில்லை.

எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீரைக் கொட்டக் கூடாது. அடுப்பை அணைத்து, தட்டை அல்லது மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி வாணலியை மூடி, முற்றும் ஆறும்வரை திறக்காமல் விட்டுவிடுங்கள்.

பட்டைச் சர்க்கரை பூத்த நிலக்கடலை

ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சந்தைகளில் பாதாம்பருப்பையும், அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் தெருவோரம் நிலக்கடலையையும் செப்புப் பாத்திரத்தில் சர்க்கரையோடு கிளறிச் சுடச்சுடப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். நம் நிலக்கடலைக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் உண்டா என்று வியக்கத் தோன்றும்.

வேண்டியவை: தோலோடு கூடிய பச்சை நிலக்கடலைப் பருப்பு 200 கிராம், சர்க்கரை 150 கிராம், தண்ணீர் 75 மில்லி, பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, தட்டில் தடவச் சிறிது நெய்.

தொடங்குமுன் தட்டில் நெய் தடவி அடுப்பருகில் வைத்துவிடுங்கள். சிறு பிள்ளைகளை அடுப்பங்கரையை விட்டு அப்புறப்படுத்துங்கள். இளகிய சர்க்கரை கொதிக்கும் தண்ணீரைவிட அறுபது எழுபது டிகிரி அதிகச் சூடுள்ளது. தோலில் பட்டால் வழிந்தோடாமல் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். நீண்ட மரக் காம்புள்ள கரண்டியே வேண்டும்.

1. அடிகனமான அகல வாணலியில் கடலை, சர்க்கரை, தண்ணீர், உப்பு நான்கையும் ஒன்றாகப் போட்டு, நடுத்தரத் தீயில் வையுங்கள்.
2. கொதி வந்ததும் விடாமல் கிளறுங்கள். நீர் சுண்டச் சுண்டப் பாகு கெட்டியாகி நுரைக்கும்.
3. சிறிது நேரத்தில் பாகு திடீரென்று பூத்து, கடலையெல்லாம் வெள்ளை மணல் போர்த்தியதுபோல் ஆகிவிடும். பண்டம் கெட்டுவிட்டது என்று பலர் அடுப்பை அணைத்துவிடும் இடம் இதுதான். கெடவில்லை, தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். தீயை ஒரு படி தணித்துத் தொடர்ந்து கிளறுங்கள்.
4. அடியிலுள்ள மணல் மெல்ல இளகிப் பழுப்பாகும். அதைக் கடலையின்மேல் புரட்டிப் புரட்டிப் பூசிக்கொண்டே இருங்கள். கடலை படபடவென்று வெடிக்கும் ஒலி கேட்கும். வறுபடும் வாசனை எழும்.
5. மணல் பாதிக்கு மேல் மறைந்து பளபளப்பு ஏறியதும் பட்டைத்தூளைத் தூவி, நாலு முறை கிளறி, உடனே தட்டில் கொட்டுங்கள். பட்டையை ஆரம்பத்திலேயே போட்டால் இத்தனை சூட்டில் கருகிவிடும்.
6. இரண்டு கரண்டிகளால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பரப்புங்கள். ருசி பார்க்கும் ஆவலில் விரலை நீட்ட வேண்டாம்; கால் மணி நேரம் ஆறட்டும்.

முற்றும் ஆறியபின் இறுக மூடிய டப்பாவில் இட்டால் பத்து நாள் வரை மொறுமொறுப்புக் குன்றாது. மழைக்காலத்தில் சீக்கிரம் பிசுபிசுக்கும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும், கொடுக்கலாகாது. பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் பாகு பட்டுவிட்டால், அதைப் பிய்த்தெடுக்க முயலாமல், உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். சர்க்கரை தானே கரைந்து போகும், சூடும் தணியும். பற்பசை, மை, மாவு, வெண்ணெய் எதையும் தடவலாகாது. கொப்புளம் பெரிதாக எழுந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ, பட்டவர் குழந்தையாக இருந்தாலோ தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

மிஞ்சிய பட்டைச் சர்க்கரைக்கு

நன்றாகப் பழுத்த நேந்திரம்பழத்தைச் சாய்வாக அரிந்து, நெய்யில் இரு பக்கமும் சிவக்கவிட்டு, அடுப்பை அணைத்தபின் இதை ஒரு தேக்கரண்டி தூவினால், பழத்தின் சூட்டிலேயே இளகி மேலே படியும். வெறும் ரஸ்க்கின் ஒரு பக்கத்தில் வெண்ணெயை மெல்லத் தடவி இதில் அழுத்தி எடுத்தால் பயணத்திற்கு ஆகும். தயிரில் தூவலாம்; அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து, நெய்யும் இதுவும் சேர்த்துப் பிசைந்தும் கொடுக்கலாம். சூடான பாலில் மட்டும் போட வேண்டாம்: பட்டைத்தூள் கரையாமல் மேலே மிதந்து கடைசி மடக்கில் வண்டலாக வரும். பாலுக்கு மணம் வேண்டுமானால் பட்டைத் துண்டையே போட்டு ஐந்து நிமிஷம் காய்ச்சி, எடுத்தெறிந்துவிட்டு, வெறும் சர்க்கரை சேர்த்துக்கொள்ளுங்கள். புட்டியை எறும்பு அண்டாமல், தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். இரண்டு மாதத்திற்குள் தீர்த்துவிட்டுப் புதிதாக இடித்துக்கொள்ளுங்கள்.